நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

ஐம்பது வருசமாக நான்
கீரிமலைக் கடலில் செத்துக்கொண்டிருக்கிறேன்.
இன்றைக்கும் சாகவேண்டும், மாலை ஐந்தரைக்கு.
அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள்:
'அலை தந்த தீர்ப்பு', பொன்விழாத் திரையிடல்,
அனுமதி இலவசம், சிற்றுண்டி உண்டு.

கஸ்தூரியார் வீதியால் ஓட்டோவில் வந்தேன்.
மண்டபத்தில் ஏசி. முழங்காலுக்கு ஆகாது.
தூணுக்குப் பின்னால் ஒரு கதிரை.
பக்கத்துப் பிள்ளை கேட்டாள்:
"அன்ரி, படம் வந்த நேரம் பார்த்தனீங்களோ?"
"இல்லைப் பிள்ளை. அப்ப எனக்குப் பின்னேர டியூட்டி."

பொய்யில்லை.
சுன்னாகம் தபாற்கந்தோரில் தொலைபேசிப் பலகை.
வயரைப் பிடுங்கி வயரைச் செருகி
கொழும்பை யாழ்ப்பாணத்தோடு பேசவைத்தேன்.
அடுத்த மேசையில் நல்லைநாதன்.
காலையில் காசுக்கட்டளை எழுதிய கை
மத்தியானம் நாவல் எழுதியது.
அச்சாகி வந்தபோது எனக்கொன்று தரவில்லை.
ஊரோடு ஊராக மூன்று ரூபா கொடுத்துத்தான்
வாங்கினேன், 'காற்றுப்போன நாள்'.

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்.
எனக்குப் புவனலோஜினி என்று பேர் வைத்திருந்தார்.
என் பேர் அவ்வளவு நீளமில்லை.
அவள் அவனிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வருகிறாள்.
மருதனார்மடத்தடியில் சைக்கிளுக்குக் காற்றுப் போகிறது.
பின் ரயர்.
உருட்டிக்கொண்டு நடக்கிறாள்.
புகையிலைக்குத் தண்ணி மாறுகிறவன்
நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிகிறான்.
வீட்டுக்குப் போய்ச் சோறு தின்கிறாள்,
இரண்டாந்தரமும் போட்டுத் தின்கிறாள்.

அவ்வளவுதான் கதை முடிவு.
பஞ்சரைக் கந்தோரில் எல்லாருக்கும் சொன்னேன்.
இரண்டாந்தரம் போட்ட சோற்றை
நான் ஒருவருக்கும் சொல்லவில்லையே.

தயாரிப்பாளர் இரும்புக்கடைக்காரர்.
"பஞ்சரைப் பார்க்க ஆர் ரிக்கற் எடுப்பான்?"
என்று கேட்டாராம். நியாயம்.
ஆகவே சைக்கிள் போய் வெள்ளைச் சேலை வந்தது,
மின்னல் வந்தது, ஆறு நிமிசம் வயலின் வந்தது.
மருதனார்மடத்தில் இல்லாத கடலை
கீரிமலையில் போய் எடுத்துக்கொண்டார்கள்.
முடியாது என்ற பெண்ணுக்கு
அலை தீர்ப்புக் கொடுத்தது.
சனம் விழுந்து விழுந்து அழுததாம்.
கந்தோரிலும் அழுதார்கள். எனக்கு முன்னாலேயே.

விளக்கை அணைத்தார்கள்.
பிரதி கனடாவில் யாரோ ஒருவரின் கராஜில் கிடந்ததாம்,
மழை பெய்யாத காட்சியிலும் கோடு கோடாக மழை.
மேடைப் பதாகையில் 'நல்லநாதன்' என்று அடித்திருந்தது.
கால் எழுத்துக் குறைவு.
மனுசன் இருந்திருந்தால்
பேனையோடு ஏறித் திருத்தியிருப்பார்.

இதோ, நான் கடலுக்குள் இறங்குகிறேன்.
முழங்கால், இடுப்பு. வடிவான பிள்ளை அந்த நடிகை,
தண்ணிக்குள் போகும்போதும் பொட்டுக் கலையவில்லை.
அப்போதுதான் கண்டேன்:
திரையின் இடது ஓரத்தில், தாழம்பற்றைக்குப் பக்கத்தில்,
ஒரு பெண்கள் சைக்கிள்.
சாத்தி வைத்திருக்கிறது.
பின் ரயர் மண்ணோடு மண்ணாகச் சப்பளிந்து கிடக்கிறது.

இரண்டு விநாடி. பிறகு அலை.

படப்பிடிப்புக்கு ஒருநாள் லீவு போட்டுப் போனவர்,
திரும்பி வந்து ஒரு சொல்லும் சொல்லாதவர்.
அல்லது அது சாப்பாடு கொண்டுவந்த
எவளோ ஒருத்தியின் சைக்கிளாகவும் இருக்கலாம்.
"பிள்ளை, அந்தச் சைக்கிளைக் கண்டனீயோ?"
"எந்தச் சைக்கிள், அன்ரி?"
அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

விளக்குப் போட்டார்கள். இயக்குநரின் மகன் பேசினார்.
"அறுபதாம் ஆண்டிலும் சந்திப்போம்" என்றார்.
கை தட்டினேன்.
வாசலில் தட்டோடு நின்ற பொடியன்
ரோல்ஸ் ஒன்று தந்தான். நல்ல உறைப்பு.
தின்று முடித்து, கையை நீட்டி,
இன்னொன்று தா என்றேன்.